தூங்குவது பழுதாகாது

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், காஜா பெராங்கில் ஒரு பதிவு அலுவலகத்துக்கு மின்சார மிஷின் ஒன்று வந்து சேர்ந்தது. பிறப்புப் பத்திரத்தில் நம்பர் அடிப்பதே அதன் திருப்பணி. மின்சாரச் சிக்கனத்தை முன்னிட்டு, பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் அது தானாகவே உறங்கிவிடும். அலுவலகத்துக்கு ஏற்ற குணம்தான் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பூங்காவனம் உஜோங் பாசிரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நாலு மணிக்குள் மகளின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால்தான் பள்ளியில் இடம். இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. மணி இரண்டு. மிஷின் தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்புங்களேன் ஐயா."

"எழுப்பியாச்சும்மா," என்றார் அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கணேசமூர்த்தி. "சூடேற கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் தொடக்கூடாது, தொட்டா கெட்டுப்போயிரும்."

"பத்து நிமிஷம் தொடாம இருந்தா தூங்கிருமே?"

"தூங்கிரும். மறுபடி எழுப்புவோம். காலையிலேர்ந்து முப்பது தடவை எழுப்பியாச்சு. நாங்க ஒண்ணும் சும்மா இல்ல."

பூங்காவனம் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில் ஒருவர் பேனா, மை சகிதம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"அவரு யாரு?"

"கருணாகரன். கையால நம்பர் எழுதுறவரு. மிஷின் பழுதானா எழுதுறதுக்காக ஆயத்த நிலையில வச்சிருக்கோம்."

"அப்ப எழுதச் சொல்லுங்க."

"பழுதாகலையேம்மா, தூங்குது. தூங்குறது பழுதாகாதுன்னு சுற்றறிக்கையே இருக்கு."

"ரெண்டு நிமிஷ வேலைதான் லா," என்றார் கருணாகரன் ஏக்கத்தோடு. அவர் எழுதி மூன்று மாசமாகியிருந்தது.

மூன்று மணிக்குக் கருணாகரனுக்குக் கடையிலிருந்து பால் டின்னில் கோப்பி வந்தது. பூங்காவனம் அதை வாங்கி மிஷினின் தலையில் நிதானமாக ஊற்றினாள். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கணேசமூர்த்தி குனிந்து முறைப்படி பரிசோதித்தார்.

"இது பழுது," என்றார் நிம்மதியாக.

கருணாகரன் இரண்டே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்றே முக்காலுக்குப் பள்ளியில் பேர் ஏறியது.

அதோடு விட்டிருக்கலாம். மேலிடமோ பொதுமக்களின் ஒத்துழைப்பைப் பாராட்டி உத்தரவு போட்டது: மிஷின் தினமும் மாலையில் பழுதுபார்க்கப்படும், காலையில் முதலில் வருபவர் அதை முறைப்படி பழுதாக்கலாம், கோப்பி அவரவர் செலவு. இந்த மிஷின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஏது நேரம்? முதல் ஆளாக நிற்க, செமாபோக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் கோப்பியும் கையுமாக ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

பிறகொரு நாள் மகனுக்குப் பத்திரம் எடுக்க வந்த பூங்காவனம், முதலில் நின்றவளின் டின்னை எட்டிப் பார்த்து அதட்டினாள்: "என்னாம்மா, சீனி போடலியா? சீனி போட்டாத்தானே சீக்கிரம் கெடும். பின்னால நிக்கிறவங்களுக்கு வேற வேலை இல்லையா?"