எட்டரை மணி பஸ்ஸும் ராமர் கண்டக்டரும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நேரத்தோடு போய்ச் சேர நினைப்பவனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான் உண்டு. அவர் பெயர் ராமர். கோயிலில் இருப்பவரைச் சொல்லவில்லை. எட்டரை மணி தனியார் பஸ்ஸில் தோளில் தோல்பையும் வாயில் விசிலுமாகத் தொங்கிக்கொண்டு வருபவரைச் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வேறு எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. ஆகவே அரியலூரில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கும் என் போன்றவர்களின் மானம் மரியாதை எல்லாம் பஸ்காரர்கள் கையில்தான். என் மானத்தை ராமர் வாரம் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே பங்குனியில் ராமர் நாடகம் போடுவார்கள். ராமர் வேஷக்காரருக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால் பட்டாபிஷேகம் முடிகிறவரை பொய் சொல்லக் கூடாது, கோபப்படக் கூடாது, சொன்ன சொல் தவறக் கூடாது, அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடக் கூடாது. இவருக்கு முன்னால் வேஷம் கட்டியவர்கள் எல்லாம் பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் காப்பை அவிழ்த்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போய் முதல் பொய்யைச் சொல்லி மூச்சுவிட்டவர்கள். நம்மவரும் காப்புக் கயிற்றை அவிழ்த்தார். ராமரை அவிழ்க்க மறந்துவிட்டார். மீசை அரும்பிய வயதில் ஏற்பட்ட மறதி அது. இப்போது மீசையே நரைத்துவிட்டது.

தனியார் பஸ் கண்டக்டர் என்றால் என்ன சொல்லி ஆள் ஏற்றுவார் என்பது உங்களுக்குத் தெரியும். நிற்க இடமில்லாத பஸ்ஸில் 'உள்ள சீட்டு இருக்கு, ஏறுங்க ஏறுங்க' என்பார். அரை மணி கழித்துக் கிளம்பும் பஸ்ஸை 'இந்தா எடுத்தாச்சு' என்பார். நம் ராமரோ பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "சீட்டு இல்லீங்க. கெளம்பவும் நேரமாவும். பின்னாடி நிக்கிற வண்டியில எடம் இருக்கு, பாருங்க" என்று எதிராளி பஸ்ஸுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார். டிரைவர் அந்தோணிசாமி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்வார்.

அந்தோணிசாமி ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவர் சீட்டுக்கு மேலே அடைக்கல மாதா படம், பக்கத்திலேயே ராமர் பட்டாபிஷேகப் படம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மல்லிகைச் சரம். வாங்குவது அந்தோணிசாமி, சாத்துவது ராமர். இருவருக்கும் இடையே ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஒருநாள் குன்னத்தில் ஒரு அம்மாள் வெங்காய மூட்டையை ஏற்றிவிட்டு, ஒரு காலைப் படியில் வைத்தபடி, வூட்டுல கேஸ் அடுப்ப அணைச்சனா இல்லையான்னு தெரியலியே என்றார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நிற்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார் நம்மவர். வீடு எங்கே என்று கேட்டுவிட்டாவது வாக்குக் கொடுத்திருக்கலாம். பஸ் நின்றது. நாங்கள் புழுங்கினோம். கடைசியில் ஆடி அசைந்து வந்த அந்த அம்மாள், அடுப்பு அணைந்துதான் இருந்தது, போனதுதான் போனோம் என்று மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தேன் என்றார். ராமர் மலர்ந்த முகத்துடன் விசில் ஊதினார். ஆபீஸில் சூப்பரின்டெண்டென்ட் அம்மா தலையை நிமிர்த்தாமலே, "இன்னைக்கு ராமரு யாரக் காப்பாத்துனாருங்க?" என்று கேட்டார். மாட்டை என்றேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பத்துத்தலையின் விவகாரத்தில்தான் வினை முற்றியது. எங்களுக்குப் பத்து நிமிஷம் பின்னால் கிளம்பும் பஸ்ஸின் கண்டக்டர் அவர். ஒரு தொண்டையில் பத்துப் பேர் கத்துகிற மாதிரி கத்துவார், அதனால் நாங்கள் வைத்த பெயர். தனியார் பஸ்காரர்களுக்கு 'டைம்' என்பது உயிர். ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பத்துத்தலை வந்து, இன்றிலிருந்து எட்டரை எங்களுடையது என்று மார்தட்டினார். அந்தோணிசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குதித்தார். நம்மவர் நடுவில் புகுந்து, அவ்வளவு அவசியம் என்றால் நீங்களே போய் வாருங்கள் என்று அவர்கள் பஸ்ஸுக்குத் தானே 'ரைட்' கொடுத்து அனுப்பிவைத்தார்.

"கேட்டவங்களுக்கு நாட்டையே குடுத்துட்டுக் காட்டுக்குப் போனவரு அவரு. நம்ம பத்து நிமிசந்தான குடுத்தோம், அந்தோணி."

"அவரு காட்டுக்குப் போறப்ப பின்னாடி அறுவது பேர ஏத்திக்கிட்டாண்ணே போனாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் முதலாளியிடம் இருந்தது. இன்னொரு தடவை அரியலூருக்கு லேட்டாக வந்தால் பையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ராமருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஊரில் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது, அதில் போட்ட மக்காச்சோளத்தைப் புழு தின்றுகொண்டிருந்தது. புழுவையும் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். நாங்கள் பஸ்ஸுக்குள் கூடிப் பேசி, இனி யாரும் அவரிடம் எந்த வாக்கும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம்.

அந்த முடிவு நாலு நாள்கூட நிலைக்கவில்லை. சித்திரை வெயில். பேரளி தாண்டியதும் நட்டநடு ரோட்டில், எங்கள் எட்டரையில் முன்னால் போயிருந்த பத்துத்தலையின் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர் வெடித்துவிட்டது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. சனமெல்லாம் புளியமரத்தடியில். பத்துத்தலை மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், முதல் தடவையாகச் சத்தமே இல்லாமல். அந்தோணிசாமிக்கு முகமெல்லாம் பல். நீளமாக ஒரு ஹாரன் கொடுத்துக்கொண்டே கடக்கப் போனார். அதற்குள் பின்னாலிருந்து விசில்.

அவர்களுடைய பயணிகள் எங்கள் படியை நோக்கி ஓடிவந்தார்கள். அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருந்தால் முதலாளி மாலையே போட்டிருப்பார். ராமர் கைக்குழந்தைக்காரர்களை மட்டும் ஏற்றி நிழலில் உட்காரவைத்தார். மற்றவர்களிடம், டயரை மாட்டித் தருகிறோம், நீங்கள் ஏறிவந்த வண்டியிலேயே போகலாம் என்றார். எங்கள் ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னார். ஜாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆயுதம் இல்லாமல் நிற்கிறவனை அடிக்கக் கூடாது, டயர் இல்லாமல் நிற்கிறவனிடம் ஆள் பிடிக்கக் கூடாது என்று எங்களுக்கு விளக்கம் வேறு.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து படிக்கு வந்தேன்.

"ஏங்க, எதிராளிக்கெல்லாம் எரக்கம் காட்டுறீங்க. உங்கள நம்பி ஏறுன எங்க கதி என்னங்க? ஊருக்கெல்லாம் நல்லவரா இருந்துட்டு, நம்பி வந்த பொண்டாட்டியக் காட்டுக்கு அனுப்புனவருதானங்க உங்க ராமரும்?"

ஜாக்கி நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. ரொம்ப நாளாக ஒத்தி வைத்திருந்த கேள்வியை யாரோ கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"அந்த ஒரு எடத்துலதான் சார், அவருக்கும் எனக்கும் ஒத்துவரல. அதனாலதான் எங்க ஊர்ல பட்டாபிசேகத்தோட படுதாவ எறக்கிர்றது. நீங்க செத்த நேரம் பொறுத்துக்குங்க சார். உங்கள எறக்கி வுட மாட்டேன்."

இறங்கிப் போய் ஸ்டெப்னியை உருட்டினேன். அந்தோணிசாமி திட்டிக்கொண்டே நட்டைக் கழற்றினார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். ராமர் பையைக் கழற்றிக் கொடுத்தார். விசிலைச் சட்டையில் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தார். பஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சொந்த ஊருக்குப் போக அரசு பஸ் எங்கே நிற்கும் என்று யாரையோ விசாரித்தார். ஆபீஸில் சூப்பரின்டெண்டென்ட் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். இன்றைக்கு அவரை யாரும் காப்பாற்றவில்லை மேடம் என்றேன்.

மறுநாள் காலை பெரம்பலூரில் முதலாளி, புதுக் கண்டக்டர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ராமரும் வந்திருந்தார், கொடுத்த ஸ்டெப்னியைத் திரும்ப வாங்கி ஒப்படைப்பது தன் கடமை என்று. அதை உருட்டிக்கொண்டு வந்த பத்துத்தலைக்கு அங்கேதான் விஷயமே தெரிந்தது. நேராக முதலாளியிடம் போனார்.

"எட்டரைய நீங்களே வச்சுக்குங்க மொதலாளி. இனிமே வம்புக்கு வர மாட்டோம். அவர மட்டும் எறக்காதீங்க."

சண்டை போடாமல் ஒருவன் டைமை விட்டுக்கொடுப்பதை முதலாளி தன் சர்வீஸில் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பையை எடுத்து ராமரிடம் நீட்டினார். நாங்கள் கைதட்டினோம். ராமர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருவருக்குக் கொடுத்த வேலையைத் தான் பிடுங்க முடியாதாம். புதியவர் பதறிப்போய், எனக்கு வேண்டாம் அண்ணே, உங்கள் பையை நான் தோளில் மாட்ட மாட்டேன் என்றார். இவர் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார், அவர் நீங்கள்தான் என்கிறார். எட்டரை தாண்டிவிட்டது. முதலாளிக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் புதியவர் பையைக் கண்டக்டர் சீட்டில் வைத்தார். அதன்மேல் விசிலை வைத்தார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் செருப்பை அரியணையில் வைத்து நாட்டை ஆண்ட தம்பியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அந்தோணிசாமி பொறுமையிழந்து வண்டியை எடுத்துவிட்டார். அரியலூர் வரை பைதான் கண்டக்டர். அவரவர் கட்டணத்தை அவரவரே பையில் போட்டோம். ஸ்டாப் வந்தால் நாங்களே வாயால் விசிலடித்தோம். வரிசையாக வந்து பையில் காசு போட்டவர்களில் ராமரும் ஒருவர்.

அன்று சாயங்காலமே முதலாளி புதியவருக்குத் தன் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வேலை போட்டுக் கொடுத்தார். அதை விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் நம்மவர் பையைத் தொட்டார். முதலாளி அதன்பிறகு லேட்டைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

போன மாதம் ஒருநாள் காலையில் என் மனைவிக்குத் திடீரென்று மயக்கம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் விட்டுவிட்டு ஸ்டாப்புக்கு வந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. எட்டரை மணி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை, ஒவ்வொரு தலையிலும் கொலைவெறி. என்னைக் காணாமல் ராமர் பக்கத்துக் கடையில் விசாரித்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகக் கடைக்காரர் சொன்னாராம். நான் ஓட ஆரம்பித்தேன். படியில் தொங்கியபடி அவர் கையசைத்தார்.

"ஓடாதீங்க சார். மெதுவா வாங்க, நிக்கிறோம்."

அன்றைக்கு அந்தப் பஸ் முழுக்க என்னைத் திட்டியது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.