மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு வில்லங்கம்

ஓய்வு பெற்ற சார்பதிவாளரிடம் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. அதனால், கேட்காமலே தெளிவுபடுத்திவிடுவது என் வழக்கம். (வியாதி என்பான் மகன்.)

பேரனுக்கு முதல் மொட்டை. எங்கள் குலதெய்வம் வண்டியூர்ப் பக்கம். அப்பன் வழிச் சாமிக்குத்தான் முதல் முடி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மருமகளின் அண்ணன் பாண்டி, எழுமலையில் உரக்கடை வைத்திருப்பவர், தல்லாகுளத்தில் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, பிரசவத்தப்ப எங்க சாமிக்குத்தான் நேந்துக்கிட்டோம். முத முடி அங்கதான்."

"வழக்கம் அப்படி இல்லையே" என்று நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். என் மருமகள் செல்களை ஆராய்ச்சி செய்பவள். அவள் கட்டுரை ஒன்றை அந்த வாரம்தான் படித்திருந்தேன். படித்ததைப் பயன்படுத்தாமல் விடுவது நடைமுறைக்கு விரோதம்.

"பாண்டி, ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு மரபணுத் தொகுதி. ஒண்ணு நியூக்ளியஸ்ல, அப்பா பாதி, அம்மா பாதி. இன்னொண்ணு மைட்டோகாண்ட்ரியாவுல. செல்லுக்குச் சக்தி தர்ற இடம் அது. அம்மா வழி மட்டும். ஆனா அது தன் மரபணுவுல பெரும்பகுதிய எப்பவோ நியூக்ளியஸுக்கு எழுதிக் குடுத்துருச்சு, செட்டில்மெண்ட் பத்திரம் மாதிரி. ஆக, அதிகாரம் நியூக்ளியஸ்ல. அதுல நாங்க இருக்கோம்."

பாண்டி யோசித்தார். "அப்ப சக்தி தர்ற இடம் அம்புட்டும் எங்க வீட்டுது?"

"ஆமா."

"மாப்ளையோடது?"

"பிள்ளைக்கு வராது." (பத்திரத்தில் உள்ளதை மறைத்துப் பழக்கமில்லை.)

காபியோடு வந்த மருமகள் சும்மா போயிருக்கலாம். "ரெண்டும் சேந்து வேலை பாத்தாத்தாண்ணே சக்தி வரும். ஒண்ணு மாறினா அதுக்குத் தக்கன இன்னொண்ணும் மாறி, தலைமுறை தலைமுறையாப் பழகியிருக்கும். அப்பா பாதிதான் புதுசா வருது. வந்த இடத்துல அது ஒத்துப்போகணும். பெரும்பாலும் ஒத்துப்போயிரும், மாமா."

பாண்டி தொடையில் தட்டினார். "அட! வீட்டோட மாப்ளைன்னு சொல்லு!"

ஆதரவுக்கு மகனைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி மட்டும் வாய் திறந்தாள்: "இந்தக் குடும்பத்துல அது என்ன புதுசா? இந்த வீடே எங்கப்பா கட்டுனதுதான்."

மொட்டை எழுமலையில் நடந்தது. பேரன் தாய்மாமன் மடியில் அழாமல் உட்கார்ந்திருந்தான். (அழுதது நான் என்பது வதந்தி.) கறிச்சோறு பிரமாதம், அதையும் மறைக்க மாட்டேன்.

அன்றிலிருந்து பாண்டி போன் செய்தால் முதல் கேள்வி, "நியூக்ளியஸ் ஒத்துப்போகுதா?" போனை எடுப்பது என் மனைவி.

"காலையில ரசத்துல உப்பு இல்லைன்னுச்சு," என்பாள். "இப்ப ஒத்துப்போயிருச்சு."