எண்ணெய் குடித்த பிரேக்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அச்சங்குளத்தில் வெடிக்குச் சணல் சுற்றிய கையாலேயே சிவகாசியில் பிரஸ் ஆரம்பித்தேன். பேங்க்காரர் உட்காரச் சொல்லாத காலத்திலேயே மெஷின் இறக்கினேன். மாடி வீடு கட்டினேன். மகனை இன்ஜினீயர் ஆக்கினேன். தமிழ்நாட்டில் பாதிச் சுவரில் என் காலண்டர்தான் தொங்குகிறது (மீதிச் சுவரில் ஆணி இல்லை).

இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்கிறார்கள் என் வீட்டில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சர்க்கரை ஏறிவிட்டது என்று மகன் எனக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கித் தந்தான். மலையில் ஓட்டுகிற வண்டியாம். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர்கூட இல்லை. பழைய சைக்கிளில் பிரேக் பிடிப்பதென்றால் முழுப்பலத்தோடு நசுக்க வேண்டும். அதே பழக்கத்தில் இதையும் நசுக்கினேன். வண்டி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

பிரேக் முரட்டுத்தனமாகப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தேன். எங்கள் பிரஸ்ஸில் எது இறுகினாலும் வைத்தியம் ஒன்றுதான். இரண்டு சக்கரத்திலும் பிரேக் கவ்வுகிற தட்டில் மெஷின் ஆயிலைத் தாராளமாக விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த கம்பி மேலும் கீழும் ஆடியது. லூசாக இருக்கிறதென்று சணல் போட்டு வெடிக்குச் சுற்றுவதுபோல் இறுக்கிவிட்டேன்.

"அப்பா, அது ஆடணும்பா. டிஸ்க்ல எண்ணெய் படவே கூடாது" என்றாள் மகள் மாரிச்செல்வி.

"நீ பிறக்கும் முன்னாடியே மெஷின் பாத்தவன் நான். போ" என்றேன்.

மறுநாள் காரியாபட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த மூன்று இடமும் தட்டிப்போயிருந்தது. வீட்டில் நாள் முழுக்க வாயடிப்பவள், பெண் பார்க்க யாராவது வந்தால் ஊமையாகிவிடுவாள். "பொண்ணு பேசவே மாட்டேங்குதே" என்று கேசரியைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். இதுவும் போனால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வழி தெரியாதவர்களை மெயின் ரோட்டிலிருந்து அழைத்து வர நானே கிளம்பினேன்.

"ஏங்க, பட்டு வேட்டியோட அதுலயா போறீக?" என்றாள் வீட்டுக்காரி.

"சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்கட்டும், எம்புட்டுத் திடமா இருக்கேன்னு."

அவர்கள் கார் பின்னால் வர, நான் முன்னால் ராஜநடை. எங்கள் தெரு சரிவாக இறங்கும். பாதி இறக்கத்தில் வேட்டி நுனியைச் செயின் கவ்வியது. பிரேக் பிடித்தேன். வெண்ணெயில் கத்தி போலப் போனது. இரண்டு கையாலும் நசுக்கினேன். வேகம்தான் கூடியது.

"ஏலே, விலகுங்கலே!" என்று கத்தியபடி, என் வீட்டு வாசலில் அடுக்கியிருந்த காலண்டர் வெட்டுக் காகித மூட்டைகளுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தேன். மூட்டை கிழிந்து, தெரு முழுக்கக் கலர் கலராகக் காகிதம் பறந்தது. வேட்டி சைக்கிளோடு இருந்தது (நல்லவேளை, உள்ளே டிரவுசர் போட்டிருந்தேன்).

காரிலிருந்து குதித்த மாப்பிள்ளைப் பையன் என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, நேரே சைக்கிளிடம் போனான். தட்டைத் தொட்டு மோந்து பார்த்தான்.

"மாமா, என்ன எண்ணெய் விட்டீக?"

"மெஷின் ஆயில். முதல்தரம்."

உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த மாரிச்செல்வி வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். "நேத்தே சொன்னேங்க! கேட்டாத்தானே! முன்னாடி பாருங்க, சணல் வேற!"

பையன் சணலைப் பார்த்துச் சிரித்தான். "இதை அவுக்க ரெண்டு பேர் வேணும் போலயே."

இரண்டு பேரும் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து சணலை அவிழ்த்தார்கள். நான் சுற்றிய முடிச்சு லேசில் அவிழுமா? கேசரி ஆறிப்போகும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தன் தலையில் பறந்து வந்து ஒட்டிய கலர் காகிதத்தைக்கூட எடுக்கவில்லை.

இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. வீட்டில் எங்கே முடிச்சு விழுந்தாலும் "தாத்தா கட்டுனதா?" என்று சிரிக்கிறது. பொருத்தம் அமைந்தது ஜாதகத்தால் என்கிறார் சம்பந்தி. குலதெய்வத்தால் என்கிறாள் என் வீட்டுக்காரி. தான் வாங்கித் தந்த சைக்கிளால் என்கிறான் மகன்.

பிரேக் ஒழுங்காகப் பிடித்திருந்தால் நான் மரியாதையாக இறங்கியிருப்பேன். அவள் மரியாதையாக ஊமையாக இருந்திருப்பாள். எண்ணெய் விட்டது நான். சணல் சுற்றியது நான். தெரு பார்க்க வேட்டியைக் கொடுத்ததும் நான். இனி அந்தக் கல்யாணக் கதையைச் சொல்கிறவர்கள், முதலில் என் பெயரைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.