விளக்கமாற்றுக்குக் கிடைத்த அருள்

கரியாலூருக்கு ஏறும் பாதையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடையாது. அருவிக்குக் குளிக்க வந்தவர்கள்கூடச் சோப்பும் கையுமாக ஒளிச்சாமியின் வரிசையில் நின்றார்கள். குறி, விபூதி போன்ற பழைய சங்கதி எதுவும் சாமியிடம் இல்லை. ஓர் இருட்டறை, ஒரு மனைப்பலகை, சுவரில் ஒரு மண் மயில். புண்ணியவான் மனையில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே பச்சை ஒளி நீளமாக ஓடும். பாவி உட்கார்ந்தால் ஓடாது. கடவுளே நேரில் வந்து மார்க் போடுகிறார், வேறென்ன வேண்டும்? சென்னையில் இந்த ஒளி தெரியாதாம், அங்கே காற்று கெட்டுவிட்டதாம், மலைக்காற்றுதான் சுத்தமாம். சாமியே சொன்னது.

நைனார்பாளையத்து வீரமுத்து மனைவி செவ்வந்தியோடு மறுபடியும் வந்திருந்தார். அவளுக்கு இழுப்பு. ஒளி விழும்வரை இன்ஹேலரைத் தொடக்கூடாது என்று சாமி சொல்லிவிட, அதைப் பிடுங்கித் துண்டில் முடிந்து வைத்திருந்தார் மனுஷர். பெண்டாட்டி மேல் அவ்வளவு பாசம்! கறவை மாட்டை ஆசிரமத்தில் கட்டியும் ஒளி விழவில்லை. தாயைப் பிரிந்த கன்றின் சாபமாம். இப்போது கன்றும் வேண்டுமாம்.

கூடவே அண்ணன் மகள் மணிமொழி. சென்னையில் ஒரு மொட்டைமாடியில் ஒளியைக் காற்றில் பாய்ச்சி, நகரத்துத் தூசியும் புகையும் அதை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று அளப்பது அவள் வேலை. தூசியை அளக்கச் சம்பளமா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் வீரமுத்து.

முன்னால் போனவர்களுக்கெல்லாம் ஒளி ஓடியது. ஒவ்வொரு தடவையும் பூமாலை என்ற சீடன் சாம்பிராணிப் புகை வீசியதை மணிமொழி கவனித்தாள். செவ்வந்தி உட்கார்ந்ததும் அவன் தூபக்காலை மூடிவிட்டு மின்விசிறியைப் போட்டான். புகை போனது, ஒளி வரவில்லை. அதுவரை இழுத்த புகையில் செவ்வந்தியின் நெஞ்சு விசிலடித்தது.

"பாவம் ஜாஸ்தி. கன்னுக்குட்டி எப்ப வருது?" என்றார் சாமி.

மணிமொழி விசிறியை அணைத்தாள். "சித்தப்பா, துண்ட உதறுங்க."

வீரமுத்துவுக்குக் கை வரவில்லை. சாமி முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நிற்பதுதான் மரியாதை. காலையில் ஜவ்வரிசி ஆலையில் மூட்டை சுமக்கச் சும்மாடு கட்டிய துண்டு வேறு, அதில் மரவள்ளி மாவு அப்பியிருந்தது. ஆனால் செவ்வந்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவிழ்த்து உதறினார்.

இன்ஹேலர் அவள் மடியில் விழுந்தது. மாவு பறந்தது. மயிலின் கண்ணிலிருந்து பச்சை ஒளி அவள் தலைக்கு மேலே ஓடி, எதிர்ச்சுவரின் கறுப்புத் திரையில் மறைந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மணிமொழி சித்தியை வாசலில் காற்றோட்டமாக உட்காரவைத்து மருந்தை இழுக்கச் சொல்லிவிட்டு, மூலையிலிருந்த விளக்கமாற்றை மனையில் கிடத்தினாள்.

"இன்னொரு வாட்டி உதறுங்க."

விளக்கமாற்றுக்கும் அருள் கிடைத்தது. மயிலின் கண்ணைக் கையால் பொத்தினாள், அருள் நின்றது. மயிலைப் பெயர்த்தாள், உள்ளே பேட்டரி லைட்டு.

"இது எப்பவும் எரிஞ்சிக்கினுதான் இருக்கு. குறுக்கால புகையோ தூசியோ இருந்தாதான் கண்ணுக்குத் தெரியும். ஒளி தெரியறதுதான் புண்ணியம்னா, மெட்ராஸ்ல லாரிக்குப் பின்னாடி நிக்கிறவன்லாம் மகான்தான்."

சாமி பின்வாசலைத் தேடினார். அங்கே வீரமுத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு சீரானதும் செவ்வந்தி புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "எந்தச் சாமி முன்னாடி வேணா துண்ட இடுப்புல கட்டிக்க. என் உசுரையும் உன் மூளையையும் மட்டும் அதுல முடிஞ்சி வெக்காத."