பரீட்சை வைத்துச் சாவி கொடுத்தவர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக் கார் வாங்கியவர்களை இரண்டே கூட்டமாகப் பிரித்துவிடலாம். பரீட்சை சார் கையால் சாவி வாங்கியவர்கள் ஒரு கூட்டம். திருப்பத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுவிட்டு, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்துச் சமாளிக்கிறவர்கள் இன்னொரு கூட்டம்.

பரீட்சை சார் எங்கள் கார் ஷோரூமில் டெலிவரி பிரிவில் இருந்தார். நான் இன்சூரன்ஸ் மேஜை. எனக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். அதனால் எட்டு வருடமாக அவர் யாருக்கு என்ன சொன்னாலும் என் காதிலும் விழுந்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறெங்கும் யாரும் அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

டெலிவரி என்பது மற்ற ஊர்களில் இருபது நிமிட வேலை. காரின் மேல் போர்த்திய பட்டுத் துணியை இழுப்பார்கள், கேக் வெட்டுவார்கள், அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஷோரூமில் கேக் வெட்டிய பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். பரீட்சை சார் வாங்கியவரை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, தான் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்துவார். திரையில் பதிந்த கைரேகையை ஒரு மஞ்சள் துணியால் துடைப்பார். பிறகு ஒவ்வொரு பட்டனையும் வீட்டுக்கு வந்த விருந்தாளியை அறிமுகம் செய்வதுபோல அறிமுகம் செய்வார்.

"இவரு ஆட்டோ ஹோல்டு. சிக்னல்ல நிக்கையில ஒங்க காலுக்கு லீவு குடுப்பாரு. இவரு ஹசார்டு. நாலு பக்கமும் கண்ண சிமிட்டுவாரு. ஆபத்துக்கு மட்டும்தான் இவரக் கூப்பிடணும். நேராப் போறேன்னு சொல்றதுக்கெல்லாம் கூப்பிட்டா கோவிச்சுக்குவாரு."

இப்படி முப்பது, நாற்பது பேரை அறிமுகம் செய்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் சாவி. ஒன்று தப்பினாலும் சாவி கிடையாது, டீ. டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

"அதான் புக்கு குடுக்குறோமே சார், படிச்சுக்க மாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எந்த புக்கும்மா? சர்வீசுக்கு வர்ற வண்டியில போய்ப் பாரு. பாலிதீன் கவரக்கூடப் பிரிக்காம டேஷ்போர்டுக்குள்ள கெடக்கும். அதனால நாந்தான் புக்கு."

ஒரு வெள்ளிக்கிழமை திருமயம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகனுக்குச் சென்னையில் வேலை. அப்பாவுக்காக ஆட்டோமேட்டிக் கார் எடுத்திருந்தார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டி வாசலைத் தாண்டியாக வேண்டும். பெரியவர் பத்து மணிக்கு இரண்டாவது கேள்வியில் தோற்றார். டீ வந்தது. பத்தேகாலுக்கு மறுபடியும் தோற்றார். குடும்பமே கண்ணாடிக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மானேஜர் ஓடிவந்து கெஞ்சியதில், வண்டி வாசலை மட்டும் தாண்டி எதிர்ப்புற வேப்ப மரத்தடியில் நிற்கலாம், பாடம் அங்கே தொடரும் என்று சமாதானம் ஆனது.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரியவர் கியரை டி-யில் போட்டு மெல்ல அழுத்தினார். வண்டி உறுமியது, அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ம்ஹூம்.

"பழம் வண்டிய மறிக்குதே!" என்று வீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகன் குனிந்து பழங்களைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். அப்போதும் அசையவில்லை. மணி பத்து இருபத்தாறு.

பரீட்சை சார் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "ஐயா, ரெண்டாவது கேள்வி என்ன கேட்டேன்?"

பெரியவர் யோசித்தார். பிறகு கையைத் தூக்கித் தோளுக்கு மேலிருந்த சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பெல்ட்டுக்காகவே காத்திருந்த பார்க்கிங் பிரேக் தானாக விட்டுக்கொடுத்தது. பழங்கள் பட்டென்று நசுங்க, ராகு காலத்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் வண்டி வாசலைத் தாண்டியது. ராகு காலம் முடியும்வரை வேப்ப மரத்தடியில் பாடம் நடந்தது.

அறந்தாங்கி நசீர் பாய் கதை வேறு. பன்னிரண்டு வருடம் சவூதியில் வண்டி ஓட்டியவர். மனைவி மும்தாஜோடு வந்திருந்தார். பரீட்சை சார் கதவைச் சாத்துவதற்கு முன்பே கையை உயர்த்திவிட்டார்.

"சார், நாம ஓட்டாத வண்டியா? பாலைவனத்துல ஆயிரம் கிலோமீட்டர் ஒரே மூச்சுல ஓட்டுனவன். சாவியக் குடுங்க, போட்டோ எடுத்துட்டுக் கெளம்புறோம்."

"ரொம்ப சந்தோசம் பாய். அந்த முக்குல ரைட்டுல திரும்பி ஒரு ரவுண்டு வந்துருங்க. பாஸுன்னு எழுதிருறேன்."

நசீர் பாய் கம்பீரமாகக் கிளம்பினார். அந்த ஊர் வண்டிகளில் இண்டிகேட்டர் இடது கைப் பக்கம். இந்த வண்டியில் வலது கைப் பக்கம். முக்கில் அவர் பழக்கத்தில் இடது கைப் பக்கம் தட்டினார். சுள்ளென்ற வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மேல் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஆடியது. அதை நிறுத்தப்போய்க் கண்ணாடியில் தண்ணீரும் பீச்சியது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பாய், குளிப்பாட்டி முடிச்சுட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்" என்றார்.

அந்தக் கோபத்தோடுதான் நசீர் பாய் பாடத்துக்கு உட்கார்ந்தார். பரீட்சை சார் மும்தாஜையும் விடவில்லை.

"நீங்க இங்கிட்டு முன்னாடி சீட்டுக்கு வாங்கம்மா."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"ஓட்ட வேணாம். நிறுத்தத் தெரியணும்." இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த சின்ன சுவிட்சைக் காட்டினார். "இவருதான் பார்க்கிங் பிரேக்கு. ஓடுற வண்டியில வெளையாட்டுக்குக்கூட இவரத் தொடக்கூடாது. ஆனா ஓட்டுறவருக்கு என்னமோ ஆகிப்போச்சு, காலு வேல செய்யலைன்னு வையுங்க. இவரத் தூக்கிப் பிடிங்க. வண்டி நிக்கிற வரைக்கும் விடாமப் பிடிங்க. கத்துவாரு. கத்தட்டும்."

"எனக்கு என்னங்க ஆகப்போவுது?" என்று நசீர் பாய் சிரித்தார்.

கேள்வி நேரத்தில் நசீர் பாய் இரண்டு தரம் தோற்றார். மும்தாஜ் முதல் தரத்திலேயே மூன்றும் சொல்லிவிட்டார். பரீட்சை சார் சாவியை மும்தாஜ் கையில் கொடுத்தார். அட்டைச் சாவியையும்தான். போட்டோவில் நசீர் பாய் மனைவிக்குப் பின்னால், யாரோ வழிப்போக்கர்போல நிற்பார்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து நசீர் பாய்க்குப் போன் போட்டு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒன்று என்றார். அதற்கும் குறைவாகத் தர முடியுமா என்றும் விசாரித்தாராம். மானேஜர் அந்த வாரமே பரீட்சை சாரைத் திருச்சி ரோட்டில் இருக்கும் ஸ்டாக் யார்டுக்கு மாற்றினார். லாரியில் வரும் புது வண்டிகளை எண்ணி வரிசையாக நிறுத்தித் தூசி தட்டும் வேலை. அவர் மஞ்சள் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் அந்த யார்டு வாட்ச்மேனுக்கு டயர் பிரஷர் விளக்கு எது, இன்ஜின் விளக்கு எது என்பதெல்லாம் அத்துப்படி. அந்த வாட்ச்மேனிடம் இருந்ததோ சைக்கிள்.

ஷோரூமில் டெலிவரி இருபது நிமிடமானது. ஸ்டார்கள் ஏறின. என் மேஜைப் போனும் ஓயவில்லை.

"மேடம், ஸ்கிரீன்ல டீ கப்பு படம் வருதே, எந்தக் கடையில நிப்பாட்டணும்?"

"ஒங்களுக்குத் தூக்கம் வருதுன்னு வண்டி கண்டுபிடிச்சிருக்குங்க. எந்தக் கடையா இருந்தாலும் சரி, ஓரமா நிப்பாட்டி மொகத்தக் கழுவுங்க."

"மேடம், ஸ்டியரிங்கு தானா இழுக்குது. மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டேன், அப்பயும் இழுக்குது."

"ரோட்டுல இருக்குற வெள்ளக் கோட்டத் தாண்டுனா அது இழுக்கும்ங்க. இண்டிகேட்டர் போட்டுத் தாண்டுங்க, இழுக்காது."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட பாடத்தை வைத்துத்தான் சமாளித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. நசீர் பாயும் மும்தாஜும் உள்ளே வந்தார்கள். பாய் இளைத்திருந்தார். மானேஜர் பதறி எழுந்து, "வாங்க பாய், வண்டியில ஏதும் பிரச்சினையா?" என்றார்.

"வண்டியில ஒண்ணுமில்ல. எங்கிட்டு அந்த சார்?"

மும்தாஜ்தான் நடந்ததைச் சொன்னார். கோட்டைப்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்ட நசீர் பாய், விசேஷத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காலையில் வெறும் டீயோடு கிளம்பிவிட்டார். மீமிசல் தாண்டியதும், மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸைப் போட்டுக் காலை எடுத்து வைத்திருக்கிறார். வண்டி எண்பதில் ஓடுகிறது.

"பேசிக்கிட்டே வந்தாகளா, திடீர்னு பேச்சு கொளறுச்சு. என்னாங்கன்னு திரும்பிப் பாக்குறேன், கண்ணு சொருகி, கதவுப் பக்கமா சாஞ்சுட்டாக. வண்டி பாட்டுக்கு அதே வேகத்துல போவுது. முன்னாடி மீன் லாரி. ஒரு கையால ஸ்டியரிங்கப் பிடிச்சேன். இன்னொரு கையால அவரத் தூக்கிப் பிடிச்சேன்."

"யார?" என்றார் மானேஜர்.

"அந்த சுவிட்ச."

வண்டி கத்திக்கொண்டே வேகம் குறைந்து நின்றபோது லாரிக்கும் அவர்களுக்கும் ஒரு கார் நீளம்தான் இருந்ததாம். ஹசார்டைப் போட்டுவிட்டு இறங்கிக் கத்தியிருக்கிறார். டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து பாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது. சாயந்தரம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மானேஜர் யார்டுக்குப் போன் செய்தார். பரீட்சை சார் மொபெட்டில் வந்து சேர்ந்தார், தலையெல்லாம் தூசி. நசீர் பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பரீட்சை சார் மும்தாஜைப் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் பிடிச்சீங்கம்மா?"

"நிக்கிற வரைக்கும் விடலைங்க."

"கத்துனாரா?"

"நல்லாக் கத்துனாரு."

"சரி" என்றார். பிறகு விடுவிடுவென்று தண்ணீர்க் கேன் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். நாலாவது டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த நாள் முதல் டெலிவரி மறுபடியும் இரண்டரை மணி நேரம் ஆனது. ராகு காலம் பார்க்கிறவர்களை எட்டு மணிக்கே வரச்சொல்லி மானேஜரே போன் செய்தார்.

போன சித்திரையில் நானும் ஒரு சின்னக் கார் எடுத்தேன். பரீட்சை சார் அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு மகள் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போவதாக இருந்தார். என் வண்டிதான் அவருடைய கடைசி டெலிவரி. பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் துணியால் திரையைத் துடைத்து, எனக்கு எட்டு வருடமாகத் தெரிந்த எல்லாரையும் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். பிறகு கேள்விகள். முதல் இரண்டுக்கும் டக்கென்று பதில் சொன்னேன்.

மூன்றாவது, மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன, சிவப்பு எரிந்தால் என்ன என்ற கேள்வி. யார்டு வாட்ச்மேனுக்கே பதில் தெரியும்.

"தெரியல சார்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "டீ சொல்லுங்கப்பா" என்று வெளியே குரல் கொடுத்துவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.