டாங்க் நிறையப் பெட்ரோல், நின்றுபோன எஞ்சின்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு எதுவும் விட்டுப்போகாது.

1. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, சுந்தரபாண்டியம் போகிற வழியில் உள்ள ஒரு தனியார் ஓடுதளத்தில், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றின் எஞ்சினைக் கிளப்பினார்கள்.

2. அதன் டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது, மணிக்கு எத்தனை லிட்டர் எஞ்சினுக்குப் போகிறது என்று காட்டும் கருவி நான் செய்தது.

3. பத்து இருபத்தேழுக்கு எஞ்சின் நின்றது.

4. கருவி அப்போது காட்டியது நாற்பத்தாறரை லிட்டர். டாங்கின் கொள்ளளவே ஐம்பதுதான்.

5. எல்லாரும் கருவியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

6. குற்றவாளியைப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, என் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அங்கேயேதான் நின்றாள்.

இனி விவரம்.

கிருஷ்ணன்கோவிலில் இஞ்சினியரிங் முடித்த கையோடு, ராஜபாளையத்தில் ஜமால் பாயின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மில் ஜெனரேட்டர்களுக்கு டீசல் மீட்டர் செய்கிற இடம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் அப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. நான் பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. ஆறு மாதத்தில் பாய் என்னை வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். (எழுத்தில் வாங்கிக்கொண்டார். குமாஸ்தா அல்லவா!)

ஐந்தாவது மாதம் ரெங்கசாமி சார் வந்தார். மில்காரர். சொந்த விமானம் வைத்திருந்தார். அதில் பெட்ரோல் அளவு பார்க்க இருந்தது ஒரு கார்க் மிதவையும் அதில் செருகிய கம்பியும் மட்டுமே. கம்பி உயரமாக நின்றால் பெட்ரோல் இருக்கிறது, இறங்கினால் இல்லை.

"மேல போனா இந்தக் கம்பி பேயாட்டம் ஆடுது பாய். எம்புட்டு இருக்குன்னு நம்பிப் பாக்க ஒண்ணு செஞ்சு குடுங்க. சரியா இருந்தா, பிளேன் வச்சிருக்கிற என் கூட்டாளிக மூணு பேரும் வாங்குவாங்க" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் நோட்டில் புதுப் பட்டியலுக்கு "ஒன்று" என்று எழுதி வட்டம் போட்டேன். என் சம்மதத்தை நான் அப்படித்தான் தெரிவிப்பேன்.

டாங்குக்குள் ஒரு அளவுகோல். எஞ்சினுக்குப் போகும் குழாயில் பெட்ரோல் ஓட்டத்தை அளக்க ஒரு சென்சார். விமானி முன்னால் ஒரு சின்னத் திரை. லிட்டர் லிட்டராக ஊற்றி, கழித்து, மறுபடி ஊற்றிப் பட்டறையில் பத்து நாள் சோதித்தேன். (என் தலைமுடியில் அடித்த பெட்ரோல் வாசனையில், பஸ்ஸில் பக்கத்து சீட் எனக்கு எப்போதும் காலியாகக் கிடைத்தது.)

அந்த வெள்ளிக்கிழமைக்கு முப்பத்தொரு வரிப் பட்டியல் ஒன்று தயாரித்திருந்தேன். அதில் பதினேழாவது வரி: "டாங்க் மூடித் துளை - அடைப்பு இல்லை." டாங்க் மூடியின் நடுவில் ஒரு ஊசித் துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று அது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்பதரைக்கு மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துளை வழியாக வானத்தைப் பார்த்து, டிக் அடித்தேன். ரெங்கசாமி சாரும் விமானத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்.

அதன் பிறகு விஜயா அக்கா வந்தார். ரெங்கசாமி சாரின் மனைவி. கையில் பூஜைத் தட்டு, முகத்தில் கலவரம்.

"அவிய பாட்டுக்கு மேல போயிருவாக. கீழ நிக்கிறவதான் அண்ணாந்து பாத்துக்கிட்டே கெடக்கணும். புதுசா ஒரு மிசினு மாட்டிருக்கு. பூசை போடாமப் போகக் கூடாது. பத்தரைக்கு ராகு காலம், சட்டுனு ஆகட்டும்!"

எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது ஜமால் பாய். "மூணு சக்கரத்துக்கு மூணு. எதுக்கும் ரெண்டு எச்சா இருக்கட்டும்னு வாங்கினேன்" என்று அக்காவிடம் கொடுத்துவிட்டு, தேங்காய் உடைக்கும்போது ஒரு பக்கமாக மரியாதையாக நின்றார். சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது.

"நீதானம்மா செஞ்சவ, ஒன் கையாலயே வையி. ஒரு இடம் விடாத" என்றார் அக்கா.

ஒரு இடம் விடாதே என்று என்னிடம் சொல்லக் கூடாது. மற்றவர்கள் நாலு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். நான் முன்னாலிருந்து பின்னால், இடமிருந்து வலம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். காற்றாடி, சக்கரங்கள், இறக்கைகள், கதவுகள், வால், என் கருவியின் திரை. எதிலும் பொட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடாமல், சரியாக நடு மையத்தில். சந்தனத்தின் மேல் குங்குமம். எல்லாம் முடிந்தபோது பத்துப் பத்து. மோதிர விரலைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு நேர்த்தி என்று ஒரு அடி தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன்.

பத்தேகாலுக்கு எஞ்சின் கிளம்பியது. முதலில் தரையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் பறப்பதாகத் திட்டம். சார் ஓடுதளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினார், நின்ற இடத்தில் வேகம் கூட்டினார். பன்னிரண்டாவது நிமிடம் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமி, நின்றுவிட்டது.

சார் கதவைத் திறந்தார். "பெட்ரோல் வரலைன்னு எஞ்சின் சொல்லுது. இருக்குன்னு உன் மிசின் சொல்லுது. நான் யாரைம்மா நம்புறது?"

பாய் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். நாற்பத்தாறரை. கருவி சொன்ன அளவேதான். கருவியின் பதிவைப் புரட்டினேன். டாங்கில் அளவு அப்படியே இருக்க, குழாயில் ஓட்டம் மட்டும் பதினான்கு, பத்து, ஐந்து, பூஜ்யம் என்று இறங்கியிருந்தது. வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது இப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். இது நான் பெற்றது. பொய் சொல்கிறது என்று உடனே முடிவுகட்டினேன்.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாப்போம்" என்றார் சார்.

"ராகு காலம் பொறந்துருச்சு" என்றார் அக்கா.

"மேல போனாத்தான ராகு. தரையில ஓட்டுறதுக்கு என்ன?"

"ராகுவுக்குத் தரை எது, மேல எதுன்னு தெரியும் பாருங்க!"

இருந்தாலும் ஓட்டினார்கள். பதினேழு நிமிடம் ஓடி, மறுபடி நின்றது. பாய் மறுபடி மூடியைத் திறந்து குச்சி விட்டார். அளவு மறுபடியும் சரி.

இப்போது சந்தேகம் முழுவதும் என் சென்சார் மேல் விழுந்தது. பெட்ரோல் குழாயை வெட்டி அதை நடுவில் சொருகியிருந்தவள் நான். "உள்ள ஈ கீ போய் மாட்டிருக்குமோ?" என்றார் பாய் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசினால் கோபம் என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தேன். ஈ இல்லை. சென்சாரை ஓரமாக வைத்துவிட்டு, பழைய குழாயையே மாட்டினோம். வெயிலில் அதைச் செய்தபோது மனதில் ஓடிய பட்டியல்:

ஒன்று, வேலை போகும். இரண்டு, மூன்று கூட்டாளிகளும் வாங்க மாட்டார்கள். மூன்று, பேங்க் பரீட்சைக்கு வட்டி விகிதக் கணக்கு படிக்க வேண்டும். நான்கு, இது மேலே போன பிறகு நின்றிருந்தால்... நான்காவதை முடிக்காமலே விட்டேன்.

சென்சார் இல்லாமல் எஞ்சின் இருபத்து மூன்று நிமிடம் ஓடியது. பிறகு அதே இருமல், அதே மௌனம்.

"அப்ப ஒன் மிசின் மேல குத்தம் இல்ல போலம்மா" என்றார் பாய், குரல் கொஞ்சம் உயர்ந்து.

எனக்கு நிம்மதி வரவில்லை. நோட்டில் எழுதியிருந்த மூன்று எண்களைப் பார்த்தேன். பன்னிரண்டு, பதினேழு, இருபத்து மூன்று. அதுவரை எஞ்சின் குணமாகி வருகிறது என்று நினைத்திருந்தேன். (ஆம். நாலு வருடம் படித்தவள்.) டாங்கில் காலி இடம் கூடக்கூட அதிக நேரம் ஓடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. காலி இடத்தில் இருக்கிற காற்று விரிந்து கொடுக்கிற வரைதான் ஓடுகிறது. புதுக் காற்று உள்ளே வராததால், டாங்க் பெட்ரோலை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கிறது.

இந்த முறை மூடியைத் திறக்க நானே போனேன். மூடியின் நடு மையத்தில், காய்ந்து இறுகி, வட்டம் பிசகாமல், என் சந்தனப் பொட்டு.

திருகினேன். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. உள்ளுக்கு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் டாங்க் டொப்பென்று பழைய வடிவத்துக்கு வந்தது.

"இந்தச் சத்தம் மொதல்லயும் வந்துச்சும்மா. பெட்ரோல் ஆவின்னு நெனச்சேன்" என்றார் பின்னால் நின்ற பாய்.

சாரும் அக்காவும் இருபது அடி தள்ளி வேப்பமர நிழலில் இருந்தார்கள். துப்பட்டாவால் ஒரு துடை துடைத்துவிட்டு, "குழாயில் காற்று அடைத்திருந்தது, சரி செய்துவிட்டேன்" என்று சொல்லிவிடலாம். அவர்களுக்குத் தெரியாது. சுமார் எட்டு வினாடி யோசித்தேன். அந்த எட்டு வினாடிக்காக இன்றும் எனக்குக் கூச்சம்தான். அப்போதுதான் முடிக்காமல் விட்ட நான்காவது வரி தானாக முடிந்துகொண்டது. அடுத்த பூஜைக்கு வேறு யாராவது இதே இடத்தில் வைப்பார்கள், எஞ்சின் மேலே போய் நிற்கும்.

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"சார், கருவி சொன்னது நெசம். டாங்க்ல பெட்ரோல் இருந்துச்சு. எஞ்சினுக்கு வரத்தான் இல்ல."

"ஏன் வரல?"

"நான் சந்தனம் வச்சு அடைச்சிட்டேன்."

சார் மூடியை வாங்கி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஒளி வரவில்லை. அக்கா அதைப் பார்த்தார், மலைப்பக்கம் வானத்தைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

"மேல போன பொறவு நின்னுருந்தா?"

"எறக்கிருப்பேன்."

"எங்க? தென்னந்தோப்புலயா?"

சார் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நேராக நின்றேன். "ஒரு இடம் விடாதன்னு நாந்தான சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, மர நிழலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு சார் சொன்னார்: "பூசைக்கு முன்னாடி சுத்திப் பாத்தேன். பூசைக்குப் பின்னாடி நானும் பாக்கலையே. ஏறுறவன் நான். பாத்திருக்க வேண்டியவனும் நான்தான். பாய், இன்னைக்குப் பறக்கல. சென்சாரத் திரும்ப மாட்டுங்க. அந்த மிசின் எனக்கு வேணும். நாங்க எல்லாரும் ஒண்ணு நெனைக்கையில அது ஒண்ணுதான் சரியாச் சொல்லிருக்கு."

பாய்தான் ராஜபாளையத்துக்கு வண்டியை ஓட்டி வந்தார். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "பட்டியல்ல ஒரு வரி கூட்டிருங்க" என்றார். 'போடி' என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'ங்க'தான் சுட்டது.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டார், நடுவில் இரண்டு குறுக்கு விசாரணை செய்தார். பிறகு, "கண்ணால பாத்த சாட்சி உண்மையச் சொல்லுது. அத நம்பாம, சாட்சியையே கழட்டி ஓரமா வச்ச ஒரே ஜட்ஜு எம் மகதான்" என்றார். கோர்ட் முழுக்க இந்தத் தீர்ப்பு பரவியது. இப்போது எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சித்தி அடுப்படியிலிருந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏட்டி, நீ எதும் பொட்டு வச்சியா?"

பட்டியல் இப்போது முப்பத்திரண்டு வரி. கருவி நான்கு விமானங்களில் இருக்கிறது. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பேங்க் பரீட்சைப் புத்தகத்தை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். ரெங்கசாமி சார் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கிறார், எஞ்சின் ஒரு முறைகூட நின்றதில்லை. நான் போகிற நாட்களில் விஜயா அக்காவும் நானும் கீழே நிற்போம். முதல் இருபத்து மூன்று நிமிடம் இரண்டு பேரும் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.