விரட்டு லைசென்ஸ்

விரட்டுவதற்குப் பன்றி இல்லை. பேச்சிமுத்துவின் பிரச்சினை இதுதான்.

காலைக் காப்பி தொண்டையில் இறங்குவதற்குள் வாசலில் ஒரு கூட்டம் கூடிவிட்டது. எல்லார் கழுத்திலும் பச்சை நாடா. நாடாவில் போட்டோ ஒட்டிய அட்டை. கையில் தகர டின், ஒரு குச்சி. அட்டையில் கொட்டை எழுத்தில் 'காட்டுப்பன்றி விரட்டு லைசென்ஸ்' என்றிருந்தது. கீழே செயலாளர் என்ற இடத்தில் பேச்சிமுத்துவின் கையெழுத்து அழகாகச் சுழித்துக்கொண்டு கிடந்தது.

“லைசென்ஸ் வாங்கி மூணு மாசமாச்சு செயலாளரே. ஒரு பன்னியக் கண்ணால பாக்கல. டின்னு துருப்பிடிச்சுப் போச்சு” என்றார் வினோத்ராஜ்.

வினோத்ராஜுக்குப் போடி பஜாரில் ஜவுளிக்கடை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. வாரம் முழுக்கத் துணி கிழித்த கை ஞாயிற்றுக்கிழமையாவது வீரம் காட்டட்டும் என்று லைசென்ஸ் எடுத்தவர். அதற்காகவே முழங்கால் வரைக்கும் ஒரு பூட்ஸும், கழுத்தில் தொங்க ஒரு விசிலும் வாங்கியிருந்தார்.

“பன்னி வரலேன்னா நல்லதுதானே சார்? அதுக்குத்தானே சங்கமே?” என்றார் பேச்சிமுத்து.

“அதெப்படி?” என்று சின்னச்சாமி முன்னால் வந்தார். ஊரில் பெரிய மக்காச்சோளக் காடு அவருடையது. “கம்மாயில மீன் பிடிக்க ஏலம் விட்டா, உள்ள மீனு இருக்கணும்ல? வர்ற ஞாயித்துக்கிழமை பன்னியக் காட்டுங்க. இல்லேன்னா கட்டுன பணத்த வைங்க. ரெண்டும் முடியாதுன்னா உங்க மாட்ட அவுத்துட்டுப் போயிருவோம்.”

மாடு என்றதும் உள்ளேயிருந்து செல்வமணி வந்துவிட்டாள். களையெடுத்த கூலியைச் சேர்த்துச் சேர்த்து அவள் வாங்கிய கறவை மாடு அது. வீட்டில் பால் கறப்பது அதுதான், பாடு தீர்ப்பதும் அதுதான். புருஷனைவிட அதன் மேல் அவளுக்குப் பிரியம் ஜாஸ்தி. இதை அவள் மறைத்ததும் இல்லை.

“எம்மாட்டுக் கயித்துல எவன் கை வைக்கிறான்னு பாத்துருவோம்” என்று கூட்டத்தை அனுப்பிவிட்டுப் பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள். “மாடு போச்சு, அந்தத் தொழுவத்துல உங்களத்தான் கட்டுவேன். சொல்லிப்புட்டேன்.”

சொன்னால் செய்கிற பெண். பேச்சிமுத்து தொழுவத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இதெல்லாம் தலைவர் பால்பாண்டியின் மூளையில் உதித்த யோசனை. பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர் இது. போன போகத்துச் சோளம் கதிர் பிடித்த நேரத்தில், விடிந்து போய்ப் பார்த்தால் தினம் ஒரு காடு உழுது போட்ட மாதிரி கிடந்தது. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது பால்பாண்டி எழுந்து நின்றார். எழுந்து நிற்பதும் மைக்கைப் பிடிப்பதும் அவருக்குக் கைவந்த கலை.

“வெளிநாட்டுல என்ன பண்றான் தெரியுமா? வேட்டைக்கு லைசென்ஸ் குடுக்குறான். அந்தக் கட்டணத்த வச்சே காட்டப் பாத்துக்கிடுறான், மிருகத்தையும் பாத்துக்கிடுறான். நம்ம நாட்டுல வேட்டை கூடாது, சரி. விரட்டக் கூடாதுன்னு எவனாச்சும் சொல்லியிருக்கானா?”

எவனும் சொல்லவில்லை. ஆகவே வனவிலங்கு மேலாண்மைச் சங்கம் பிறந்தது. பால்பாண்டி தலைவரானார். கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்குப் பேச்சிமுத்து செயலாளரானார்.

லைசென்ஸ் கட்டணத்தை வனவிலங்கு மேலாண்மைக்கு மட்டுமே செலவழிப்பது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை யாரும் மீறவில்லை. ஊர் முக்கில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பன்றி படம் லட்சணமாக இல்லை என்று புலி படம் போட்டு, புலியைவிடப் பெரிதாகத் தலைவர் படத்தைப் போட்டார்கள். சங்க அலுவலகத்துக்குச் சுழல் நாற்காலி வந்தது. மேலாண்மை செய்கிறவர் சுழலாமல் எப்படிச் செய்வது? பிறகு வனவிலங்குகளை நேரிலேயே ஆராய்ந்துவிடுவது என்று நிர்வாகிகள் தேக்கடிக்குப் போய்ப் படகில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கண்ணில் பட்ட ஒரே வனவிலங்கு, தலைவர் கையிலிருந்த பழம்பொரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்கு. பன்றி வகையில் செலவானது பச்சை நாடா ஒன்றுதான். அதுவும் பன்றியின் கழுத்தில் ஏறவில்லை.

ஆனால் சங்கம் தொடங்கிய வாரமே பன்றி வருவது நின்றுவிட்டது. டின் சத்தத்துக்குப் பயந்து மலையேறிவிட்டதாகத் தலைவர் அறிவித்தார். ஊர் கைதட்டியது. அன்று கைதட்டிய ஊர்தான் இன்று பன்றி எங்கே என்று கேட்கிறது.

பேச்சிமுத்து தலைவருக்குப் போன் போட்டார்.

“வரலேன்னா வரவைக்கணும்யா” என்றார் பால்பாண்டி. “கலியாண வீட்டுக்குச் சனம் எதுக்கு வருது? சாப்பாடு போட்டாத்தான வருது?”

சரி என்று பேச்சிமுத்து கம்பம் சந்தைக்குப் போய், கனிந்து வெடித்த பலாப்பழங்களைச் சல்லிசாக வாங்கி வந்து மலையடிவாரத்தில் பரப்பினார். வாசனை மலையேறியது. தப்பான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் குரங்குப் பட்டாளம் இறங்கியது.

பலாப்பழத்தை முடித்துவிட்டு ஊருக்குள் வந்தன. செல்வமணி காயப்போட்ட மிளகாய் வற்றலை வாரி இறைத்தன. சங்க அலுவலகத்துக்குள் புகுந்த ஒரு கிழட்டுக் குரங்கு சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சுற்றியது. தலைவரைவிட அதற்கு அந்த நாற்காலி பொருந்தியது.

“விரட்டுங்கய்யா!” என்று பேச்சிமுத்து கத்தினார்.

லைசென்ஸ்தாரர்கள் டின்னைக் கீழே வைத்தார்கள். “அட்டையில பன்னின்னுதான போட்டிருக்கு? குரங்கு எங்க லைசென்ஸ்ல வராது” என்றார் சின்னச்சாமி.

“வேணும்னா குரங்குக்குத் தனியா ஒண்ணு போடுங்களேன்” என்றார் வினோத்ராஜ். “போட்டோ பழசு கைவசம் இருக்கு.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பேச்சிமுத்துவுக்குப் பன்றி பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ஞாயிறு நெருங்கிவிட்டது. மறுபடியும் தலைவருக்குப் போன்.

பால்பாண்டி குரலைத் தாழ்த்தினார். “ஆண்டிபட்டி தாண்டி, வைகை அணைப் பக்கம் ஜக்கம்மான்னு ஒரு அம்மா பன்னி வளக்குதாம். கேள்விப்பட்டதுதான். போய் ரெண்ட வாடகைக்குப் பிடிச்சுட்டு வாரும். காட்டுப்பன்னியும் கருப்பு, நாட்டுப்பன்னியும் கருப்பு. ஓடுறப்ப எவன் கிட்டப் போய்ப் பாக்கப் போறான்? ஆனா எம்பேரு வெளிய வரப்படாது.”

ஜக்கம்மா வாடகைக்கு ஏன் எதற்கு என்று குடைகிற ஆள் இல்லை. ஊர்ப் பேரை மட்டும் கேட்டாள். “அந்த ஊரா? நல்ல ஊருய்யா. தாராளமாக் கூட்டிட்டுப் போங்க” என்று முதுகு மயிர் சிலிர்த்து நிற்கிற இரண்டை ஓட்டி வந்தாள். “கல்ல விட்டு எறியக் கூடாது. நாளைக்கு நானே வந்து கூட்டிக்கிடுறேன். நாங் கூப்பிட்டாத்தான் வண்டியில ஏறும்.”

ஞாயிறு விடிகிற நேரம் சோளக்காட்டு ஓரத்தில் லோடு ஆட்டோவின் பின்கதவைத் திறந்தார் பேச்சிமுத்து. இரண்டும் குதித்து இறங்கின. வழி காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வரப்பில் ஏறி, வாய்க்காலைத் தாண்டி, சின்னச்சாமியின் சோளத்துக்குள் நேராகப் போய்ப் புகுந்தன. பேச்சிமுத்துவுக்குப் புல்லரித்தது. வாடகைக்கு வந்த இடத்திலும் என்ன ஒரு பொறுப்பு!

வெயில் ஏறுவதற்குள் லைசென்ஸ் பட்டாளம் வந்துவிட்டது. வினோத்ராஜ் விசில் ஊதினார். டின்கள் முழங்கின.

சோளத்துக்குள்ளிருந்து இரண்டு தலைகள் நிமிர்ந்தன. ஜக்கம்மா வீட்டில் டின் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். தீனி வைத்தாயிற்று. இரண்டும் ஆனந்தமாகச் சத்தத்தை நோக்கிப் பாய்ந்து வந்தன.

விரட்ட வந்தவர்கள் ஓடினார்கள். பயத்தில் டின்னை இன்னும் பலமாக அடித்துக்கொண்டே ஓடினார்கள். பலமாக அடிக்க அடிக்கப் பன்றிகளுக்குப் பசி கூடியது.

“ஏலே, டின்ன நிறுத்துங்கடா!” என்று பேச்சிமுத்து கத்தியது டின் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை.

வினோத்ராஜ் பூட்ஸோடு முருங்கை மரத்தில் ஏறினார். முருங்கைக் கிளையின் பலம் ஜவுளிக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? மடாரென்று முறிந்து கீழே இருந்த எருக்குழியில் இறக்கிவிட்டது. யாரோ எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் போடி, தேவாரம், கம்பம் என்று ஊர் ஊராகச் சிரிப்பு மூட்டியது. வனத்துறை ஜீப்பும் வந்து நின்றது.

இறங்கியவர் வனக்காப்பாளர் ஜெபமணி. சாவகாசமான மனிதர். பேச்சிமுத்துவின் வாசலிலேயே ஊர் கூடியது.

“நீங்கதான் வண்டியில கொண்டாந்து இறக்குனத ஆளுக பாத்திருக்காக” என்றார் ஜெபமணி. “அது காட்டுப்பன்னின்னா, காட்டு மிருகத்தப் பிடிச்சு வண்டியில ஏத்துன கேசு. ஜெயில். நாட்டுப்பன்னின்னா எனக்கு வேலையில்ல, ஊர ஏமாத்துனதுக்கு இவுக பாத்துக்கிடட்டும். எது?”

பேச்சிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் ஜெயில், ஒரு பக்கம் தொழுவம்.

செல்வமணி பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். “காட்டுப்பன்னின்னே சொல்லுங்க. நீங்க உள்ள போனாலும் மாடு வீட்டோட இருக்கும்.”

அவர் வாயைத் திறந்தார். அதே சமயம் தெருமுனையில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஜக்கம்மா இறங்கி, கையிலிருந்த டின்னை இரண்டு தட்டுத் தட்டினாள். சோளக்காட்டிலிருந்து இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, பலகையில் கால் வைத்து ஆட்டோவில் ஏறிக்கொண்டன.

யாரும் எதையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவர் பால்பாண்டி வந்தார்.

“துரோகம்!” என்றார், மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும்படி. “வாடகைப் பன்னியக் கொண்டாந்து ஊர ஏமாத்துறதா? உழைக்கிற சனத்துக் காசுய்யா அது!”

“தலைவரே, நீங்கதான என்னைய...” என்றார் பேச்சிமுத்து.

“நானா? என்னமும் அத்தாட்சி வச்சிருக்கீரா? இந்த ஆளு இனிமே செயலாளர் கிடையாது. மாட்ட அவுங்க!”

யாரும் அசையாததால் அவரே தொழுவத்துக்குள் போய் மாட்டை அவிழ்த்தார். தெரு வரைக்கும் இழுத்து வந்தார். மாடு திரும்பித் திரும்பிச் செல்வமணியைப் பார்த்தது. அத்தனை நேரம் வாய் ஓயாதவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பேச்சிமுத்துவால் அதைப் பார்க்க முடியவில்லை. ஊர் சிரித்தபோது இல்லாத அவமானம் அப்போது அவரைப் பிடித்துத் தின்றது. புலி படம் போடக் கையெழுத்துப் போட்ட விரல்களை ஒடித்துவிடலாம் போலிருந்தது.

தனக்கு வேலையில்லை என்று ஆனதும் ஜெபமணி ஜீப் பக்கம் நடந்தார். போகிற வழியில் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

“என்ன ஆத்தா தீனி வைக்கிற? ரெண்டும் யானைக்குட்டி கணக்கா இருக்கு?”

ஜக்கம்மா பின்கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். “நான் எங்க சார் வைக்கிறேன்? இங்கன சங்கம் தொடங்குறதுக்கு முந்தி, இந்தா மாட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாகளே தலைவரு, அவுக மொதமொதல்ல வாடகைக்குக் கூட்டியாந்தப்ப ரெண்டும் எலும்பும் தோலுமாத்தான் இருந்துச்சுக. இந்த ஊருச் சோளத்தத் தின்னுதான் இப்படித் தேறுச்சுக!”